செக்ஸ்டிங்: குணமா, உறவா, நண்பர் வட்டமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செக்ஸ்டிங் பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டு குரல்கள்தான் ஓங்கி ஒலிக்கின்றன. "இந்தத் தலைமுறையே கெட்டுப்போச்சு" என்பது ஒன்று. "இதுல என்ன இருக்கு, எல்லாரும் பண்றதுதானே" என்பது இன்னொன்று. படத்தை அனுப்பிவிட்டுத் தூக்கம் வராமல் கிடப்பவருக்கும், அனுப்பச் சொல்லித் தொடர்ந்து நச்சரிக்கப்படுபவருக்கும் இரண்டுமே உதவாது. 18 வயதைக் கடந்து இருபதுகளில் இருப்பவர்கள் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். உளவியல் ஆய்வுகள் சொல்வதையும் என் கருத்தையும் கலந்தே எழுதுகிறேன். எது எதுவென்று படிக்கும்போதே தெரியும்.

செக்ஸ்டிங் என்றால் எதெல்லாம்?

பாலுறவு சார்ந்த எழுத்து, படம், குரல் பதிவு, வீடியோ ஆகியவற்றை போன் வழியாகவோ இணையம் வழியாகவோ ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வது. கிளுகிளுப்பாக நாலு வரி எழுதுவதும் இதில் சேரும், ஆடையில்லாத படம் அனுப்புவதும் சேரும். ஆனால் இரண்டின் விளைவும் ஒன்றல்ல. எழுதியதை "நான் எழுதவில்லை" என்று மறுத்துவிடலாம். முகம் தெரியும் படத்தை அப்படி மறுக்க முடியாது. ஆய்வுகளின் எண்ணிக்கைகள் ஒன்றுக்கொன்று பெரிதாக வேறுபடுவதற்கும் இதுவே முக்கியக் காரணம். சில ஆய்வுகள் எழுத்தையும் கணக்கில் சேர்க்கின்றன, சில படத்தை மட்டுமே எண்ணுகின்றன.

உண்மையிலேயே எல்லோரும் செய்கிறார்களா?

இல்லை. பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 2020ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 18 முதல் 29 வயதுக்குள் இருப்பவர்களைப் பற்றியது. அதன்படி அனுப்பியதாகச் சொன்னவர்கள் 38.3 சதவீதம், பெற்றதாகச் சொன்னவர்கள் 41.5 சதவீதம். அதாவது பத்துப் பேரில் ஆறு பேர் அனுப்பியதில்லை. "நான் மட்டும்தான் பழைய பஞ்சாங்கமா" என்று நினைப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியது இது. "நான் மட்டும்தான் தப்பு செய்துவிட்டேன்" என்று குமைபவரும் அதே எண்ணைப் பார்க்கலாம். பத்தில் நாலு பேர் கொஞ்ச நஞ்சமல்ல.

அந்தத் தொகுப்பாய்வில் என்னை அதிகம் உறுத்தியது வேறோர் எண். மற்றவரின் படத்தை அவர் சம்மதமில்லாமல் இன்னொருவருக்குத் தள்ளிவிட்டதாக ஒப்புக்கொண்டவர்கள் 15 சதவீதம். இது அவர்களே ஒப்புக்கொண்ட அளவு. இந்தப் பக்கத்தில் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கப்போவது இந்த 15 சதவீதத்தில்தான்.

18 வயதுக்குக் கீழே என்றால்?

இங்கே சொல்லப்படுவது எதுவும் அவர்களுக்குப் பொருந்தாது. 18 வயது நிரம்பாதவரின் ஆபாசப் படத்தைக் கேட்பதும் வைத்திருப்பதும் பகிர்வதும் பெரும்பாலான நாடுகளில் கடுமையான குற்றம். "அவளே விரும்பி அனுப்பினாள்", "அவனுக்கு அடுத்த மாதம் 18 முடிகிறது" என்பதெல்லாம் வழக்கில் எடுபடாது. எதிரில் இருப்பவரின் வயதில் சிறு சந்தேகம் இருந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

எப்படிப்பட்ட குணமுள்ளவர்கள் இதில் ஈடுபடுகிறார்கள்?

உளவியலில் மனித குணத்தை அளக்க இன்று பரவலாகப் பயன்படுவது ஐந்து பெருங்குணங்கள் என்ற சட்டகம். ஆட்களோடு கலகலப்பாகப் பழகும் இயல்பு, பிறரோடு இணங்கிப்போகும் இயல்பு, ஒழுங்கும் பொறுப்பும், புதியவற்றில் நாட்டம், எளிதில் கலங்கிப்போகும் இயல்பு ஆகியவைதாம் அந்த ஐந்து. ஒவ்வொன்றிலும் நாம் எல்லோரும் எங்கோ ஓரிடத்தில் இருக்கிறோம்; யாரும் முழுக்க இந்தப் பக்கமோ முழுக்க அந்தப் பக்கமோ இல்லை.

ராக்கெல் டெலவி, ராபர்ட் வைஸ்கிர்ச் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தச் சட்டகத்தை வைத்துக் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வு 2013ல் வெளியானது. கலகலப்பாகப் பழகுகிறவர்கள், எளிதில் கலங்குகிறவர்கள், இணங்கிப்போகும் இயல்பு குறைந்தவர்கள் ஆகியோரிடம் செக்ஸ்டிங் அதிகம் காணப்பட்டது. முதலும் இரண்டாவதும் ஏறக்குறைய எதிரெதிரான ஆட்கள் என்பதைக் கவனியுங்கள். பேச்சிலும் பழக்கத்திலும் தயக்கமில்லாதவர் விளையாட்டாக அனுப்புகிறார். எளிதில் கலங்குகிறவர் "நான் அழகாக இருக்கிறேனா, என்னைப் பிடித்திருக்கிறதா" என்ற கேள்விக்கு விடை தேடி அனுப்புகிறார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே செயல். அனுப்பிய பின் ஒருவர் போனைக் கீழே வைத்துவிட்டுத் தூங்கப் போகிறார். மற்றவர் பார்த்துவிட்டதற்கான நீல டிக் விழுந்தும் பதில் வரவில்லையே என்று நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொரு வகைக் குணங்களும் உண்டு. தன்னைத் தவிர யாரும் முக்கியமில்லை என்ற தற்பெருமை, பிறரைக் காய்நகர்த்திக் காரியம் சாதிக்கும் சூழ்ச்சி, மற்றவர் வலி உறைக்காத ஈரமின்மை. இம்மூன்றையும் சேர்த்து இருண்ட மூன்று என்று 2002ல் டெல்ராய் பால்ஹஸும் கெவின் வில்லியம்ஸும் பெயரிட்டார்கள். பின்னாளில் 11 நாடுகளின் இளம் வயதினரிடம் நடந்த ஓர் ஆய்வில், சம்மதமின்றிப் படம் பகிர்வது போன்ற செயல்களோடு இம்மூன்றில் சூழ்ச்சிக்கும் ஈரமின்மைக்கும் தொடர்பு தெரிந்தது. அனுப்புவோரின் குணத்தைத் துருவித் துருவி ஆராய்கிற நாம், பரப்புவோரின் குணத்தைப் பற்றி அந்த அளவுக்குப் பேசுவதில்லை. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

அப்படியானால் குணத்தை வைத்தே இவர் இப்படித்தான் என்று சொல்லிவிடலாமா?

முடியாது. இந்தத் தொடர்புகள் எல்லாம் சிறியவை. ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு சாய்வு தெரியும், அவ்வளவுதான். உங்கள் முன்னால் நிற்கும் ஒருவரைப் பற்றி அது எதையும் உறுதியாகச் சொல்லாது. வகுப்பிலேயே வாய் திறக்காதவர் காதலரிடம் மனம்விட்டு எழுதுவார். மேடையேறி எல்லோரையும் சிரிக்க வைப்பவர் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் இருப்பார். ஒரே ஆள் ஓர் உறவில் அனுப்பி, அடுத்த உறவில் அனுப்பாமலும் இருக்கலாம். குணம் மாறவில்லை, எதிரில் இருப்பவர் மாறிவிட்டார்.

உறவைப் பற்றிய பயத்துக்கு இதில் என்ன பங்கு?

என் பார்வையில் குணத்தைவிட இதுவே பெரிது. குழந்தை தன்னை வளர்ப்பவரோடு கொள்ளும் பிணைப்பைப் பற்றி ஜான் பவுல்பி எழுதியவற்றை அடிப்படையாக வைத்து, பெரியவர்களின் காதலிலும் அதே வடிவங்கள் தென்படுவதாக 1987ல் சிண்டி ஹஸானும் ஃபிலிப் ஷேவரும் காட்டினார்கள். சிலருக்கு நெருக்கம் இயல்பாக வருகிறது. சிலர் நெருங்கினால் மூச்சு முட்டுவதாக உணர்ந்து விலகுகிறார்கள். இன்னும் சிலருக்கு, விட்டுப் போய்விடுவாரோ என்ற பயம் எப்போதும் அடிமனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்த மூன்றாம் வகையினரின் மனநிலை செக்ஸ்டிங்கோடு தொடர்புடையது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உரையாடல்:

"ஒண்ணே ஒண்ணு. பாத்துட்டு உடனே அழிச்சிடறேன்."

"வேணாமே, எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

"என்மேல அவ்ளோதான் நம்பிக்கையா?"

இதற்குப் பிறகு பத்து நிமிடம் பதில் வராது. ஆன்லைனில் இருப்பது தெரியும், ஆனால் பதில் இல்லை. அந்தப் பத்து நிமிடத்தில்தான் முடிவு எடுக்கப்படுகிறது. ஆசையால் எடுக்கப்படும் முடிவு அது இல்லை. பதில் வராத அந்த இடைவெளியைத் தாங்க முடியாமல் எடுக்கப்படுவது.

மேலே உள்ள மூன்று வரிகளில் மிரட்டல் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. ஆனால் படத்தைப் பற்றிய கேள்வி நம்பிக்கையைப் பற்றிய கேள்வியாக மாறிவிட்டது. உடம்பைக் காட்ட மறுப்பது அன்பை மறுப்பதாகத் திருப்பப்படுகிறது. உங்கள் சாட்டில் இந்தத் திருப்பம் வந்தால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்தலாம். நம்பிக்கை இருப்பவர் ஏன் நிரூபித்துக் காட்டச் சொல்ல வேண்டும்?

மனமில்லாமல், ஆனால் சரி என்று சொல்லி அனுப்புவதும் சம்மதம்தானா?

மிஷெல் ட்ரூயின் குழுவினர் கல்லூரி மாணவர்களிடம் இதையே கேட்டார்கள். 2014ல் வெளியான அந்த ஆய்வில் பாதிக்கும் சற்று மேற்பட்டவர்கள், உறவில் இருக்கும் துணைக்கு விருப்பமில்லாதபோதும் ஒப்புக்கொண்டு அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள். ஆண்களும் இதில் கிட்டத்தட்டப் பெண்கள் அளவுக்கே இருந்தார்கள். துணையின் ஆசைக்காக, உறவில் நெருக்கத்துக்காக, காதல் விளையாட்டாக என்று காரணங்கள் சொல்லப்பட்டன.

துணைக்காகச் சிறு விட்டுக்கொடுப்பு எந்த உறவிலும் உண்டு. அதையெல்லாம் வன்முறை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. "இன்றைக்கு வேண்டாம்" என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். ஒன்றும் நடக்காது என்றால் அது விட்டுக்கொடுப்பு. கோபம் வரும், பேச்சு நிற்கும், வேறொருவரைத் தேடிப் போவதாகச் சொல்வார் என்றால் அது நெருக்கடி. நெருக்குதலால் அனுப்பியவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் அதிர்ச்சியின் அறிகுறிகளும் கூடுதலாக இருந்ததை அதே ட்ரூயின் குழுவினரின் 2015ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

ஒருமுறை அனுப்பியது அடுத்த முறைக்கான அனுமதியும் இல்லை. பார்க்கத் தந்தது பகிரத் தந்ததாகவும் ஆகாது.

நண்பர்களுக்கு இதில் என்ன வேலை?

நிறைய இருக்கிறது. செக்ஸ்டிங்கை இருவருக்கு இடையிலான விஷயமாகப் பார்க்கிறோம். ஆனால் அனுப்பும் முன்னும் சரி, அனுப்பிய பின்னும் சரி, அந்த இருவரைச் சுற்றி ஒரு வட்டம் இருக்கிறது.

முதலில், அனுப்பும் முன். 2005ல் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் ஒரு சோதனை செய்தார்கள். கார் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றைத் தனியாக ஆடும்போதும், சக வயதினர் பக்கத்தில் இருக்கும்போதும் எவ்வளவு துணிகிறார்கள் என்று பார்த்தார்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் துணிச்சல் கூடியது. பதின்வயதினரிடமும் கல்லூரி வயதினரிடமும் இந்த ஏற்றம் பெரியவர்களைவிட அதிகம். போனில் இருப்பவருக்கு நண்பர்கள் எப்போதும் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். "இன்னுமா அனுப்பல?" என்ற ஒரு கிண்டல் போதும்.

மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைவிட, என்ன செய்வதாக நாம் நினைக்கிறோம் என்பதே நம்மை நகர்த்துகிறது. மாணவர்களின் குடிப்பழக்கம் பற்றி 1993ல் டெபோரா ப்ரென்டிஸும் டேல் மில்லரும் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மாணவர்களில் பலருக்கு அந்தக் குடிப் பழக்கத்தில் உள்ளூர உடன்பாடில்லை. ஆனால் மற்றவர்களுக்கெல்லாம் அது சகஜம் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். செக்ஸ்டிங்கிலும் இதே திரைதான். செய்தவர் பேசுகிறார், செய்யாதவர் வாயைத் திறப்பதில்லை. கேட்பவருக்கு எல்லோரும் செய்வதுபோலத் தெரிகிறது.

இனி, அனுப்பிய பின். இரவு பதினொரு மணி. எட்டுப் பேர் கொண்ட ஒரு குழு. ஒருவன் ஒரு படத்தைப் போட்டு, "யாருன்னு பாருங்கடா" என்கிறான். முதலில் ஒரு தீ எமோஜி விழுகிறது. அடுத்து "ஃபுல்லா அனுப்பு மச்சி". மீதிப் பேர் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். படத்தைப் போட்டவனின் குணம் கெட்டதாகவே இருக்கட்டும். ஆனால் அவனுக்கு வேண்டியது அந்தத் தீ எமோஜி. அதற்குப் பதிலாக முதல் ஆள், "டேய், அழி இத. அவளுக்குத் தெரியுமா?" என்று எழுதியிருந்தால் அந்தப் படம் பெரும்பாலும் அந்த எட்டுப் பேரோடு நின்றிருக்கும். தாண்டிப் போவதற்கு ஒருவர் விரல் வேண்டும், நிறுத்துவதற்கும் ஒருவர் விரல் போதும்.

ஒருவரின் வாழ்க்கை குலைவதும் தப்புவதும் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது. அதனால்தான் "எப்படிப்பட்டவர்கள் படம் அனுப்புகிறார்கள்" என்ற கேள்வியைவிட "எப்படிப்பட்ட வட்டத்தில் படம் நின்றுபோகிறது" என்ற கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆணுக்கும் பெண்ணுக்கும் விளைவு ஒன்றா?

அனுப்பும் அளவில் பெரிய வேறுபாடு இல்லை என்றே பல ஆய்வுகள் காட்டுகின்றன. பேர் கெடுவதில் மட்டும் பெரிய வேறுபாடு உண்டு. வெளியானால் பெண்ணைப் பார்த்து "ஏன் அனுப்பினாய்" என்கிறார்கள். பரப்பிய ஆணைப் பார்த்து யாரும் கேட்பதில்லை. ஒருபாலீர்ப்பு உள்ளவர்களுக்கு இன்னொரு சுமையும் சேர்கிறது. படம் வெளியாவது என்பது அவர்கள் யாரென்று அவர்களே சொல்வதற்கு முன் ஊருக்குத் தெரிந்துவிடுவதும்தான். ஆண்கள் மிரட்டப்படும்போது வேறு வகையில் தனித்துப் போகிறார்கள். "ஆம்பளதானே, உனக்கென்ன போச்சு" என்ற பேச்சுக்குப் பயந்து கடைசிவரை யாரிடமும் சொல்வதில்லை.

செக்ஸ்டிங் மனநலத்தைக் கெடுக்குமா?

சம்மதத்தோடு நடப்பதும் சம்மதமில்லாமல் நடப்பதும் இரண்டு வேறு விஷயங்கள். அமெரிக்காவில் 18 முதல் 24 வயதுக்குட்பட்ட 3,447 பேரிடம் நடத்திய ஆய்வு 2013ல் வெளியானது. மாறிமாறி அனுப்பிக்கொள்பவர்களுக்கும் இதில் ஈடுபடாதவர்களுக்கும் இடையே மனச்சோர்வு, பதற்றம், தன்மதிப்பு ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. நெருக்கடியால் அனுப்பியவர்களின் நிலை வேறு என்பதை மேலே பார்த்தோம். குற்ற உணர்வில் புழுங்குபவர்கள் முதலில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இருவரும் விரும்பிச் செய்த ஒன்றுக்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ளத் தேவையில்லை.

நேரில் பார்க்காத ஒருவரிடம் இவ்வளவு சீக்கிரம் மனம் திறப்பது ஏன்?

எழுத்து வழிப் பழக்கம் சில நேரம் நேர்ப் பழக்கத்தையும் மிஞ்சி நெருக்கமாகிவிடும் என்று 1996ல் ஜோசஃப் வால்தர் விளக்கினார். எதிரில் இருப்பவர் தன்னைப் பற்றி நல்லதையே தேர்ந்தெடுத்துக் காட்டுகிறார். காட்டாத இடங்களை நம் மனம் நல்லதாகவே நிரப்பிக்கொள்கிறது. யோசித்து, திருத்தி எழுதும் அவகாசமும் இருவருக்கும் கிடைக்கிறது. தனிமையில் இருப்பவருக்கு இந்த நெருக்கம் தாகத்துக்குத் தண்ணீர் போல. மோசடிக்காரர்களுக்கும் அது நன்றாகத் தெரியும். பழகிய இரண்டாம் நாளே வீடியோ காலுக்கு இழுப்பவர், முதலில் தன் படத்தை அனுப்பிவிட்டு "இப்ப உன் முறை" என்பவர், வேறொரு ஆப்புக்கு வரச் சொல்பவர், உங்கள் நண்பர் பட்டியலைத் துருவிப் பார்ப்பவர் ஆகியோரிடம் விலகியே இருங்கள்.

தானாக மறையும் படம் பாதுகாப்பானதா?

ஓரளவுக்குத்தான். ஸ்னாப்சாட் 2011ல் வந்தபோதே இதுதான் அதன் கவர்ச்சி. ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் தெரிவிக்கும் ஆப்களும், எடுக்கவே விடாத ஆப்களும் இருக்கின்றன. இன்னொரு போனை வைத்து அந்தத் திரையைப் படம் எடுத்தால் எந்த ஆப்பும் தடுக்காது.

பலர் கவனிக்கத் தவறுவது சொந்த போனைத்தான். பல போன்களில் படம் எடுத்ததுமே அது தானாக கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பில், ஏறிவிடும். அதே கணக்கில் வீட்டிலுள்ள டேப்லெட்டும் திறந்திருந்தால் அங்கேயும் வந்து நிற்கும். அழித்த படம் "சமீபத்தில் நீக்கியவை" பகுதியில் வாரக்கணக்கில் கிடக்கும். போனைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போதும் விற்கும்போதும் இதெல்லாம் நினைவுக்கு வர வேண்டும்.

அனுப்புவது என்று முடிவெடுத்துவிட்டவருக்கு: முகம், மச்சம், பச்சை குத்தியது, அறையின் பின்னணி எதுவும் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படத்தோடு இருப்பிடத் தகவல் சேராதபடி கேமராவில் அதை அணைத்துவிடுங்கள். ஆபத்து குறையும். முழுக்கப் போகாது.

கேட்காமலேயே ஒருவர் படம் அனுப்புகிறார். என்ன செய்வது?

அது செக்ஸ்டிங் இல்லை, தொல்லை. பதில் சொல்லும் கடமை உங்களுக்குக் கிடையாது. ரிப்போர்ட் செய்து ப்ளாக் செய்யுங்கள். தெரிந்தவர், மறுபடி மறுபடி அனுப்புகிறார் என்றால் ப்ளாக் செய்யும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

பிரிந்த பின் பழைய படங்களை என்ன செய்வது?

உங்களிடம் இருப்பவற்றை அழித்துவிடுங்கள். கிளவுடிலும், பழைய போனிலும், சாட் பேக்கப்பிலும் சேர்த்து. அழித்துவிட்டதாக ஒரு வரி தெரிவித்தால் இன்னும் நல்லது. உங்கள் படங்களை அழிக்கச் சொல்லிக் கேட்பதும் உங்கள் உரிமை. கோபமில்லாமல், எழுத்தில் கேளுங்கள்: "நம்ம ரெண்டு பேர் போட்டோவும் இனி யார்கிட்டயும் இருக்க வேண்டாம். நான் அழிச்சிட்டேன். நீயும் அழிச்சிட்டு சொல்லு." பின்னாளில் ஏதாவது நடந்தால், நீங்கள் சம்மதத்தைத் திரும்பப் பெற்றதற்கு இதுவே சான்று.

"பணம் கொடு, இல்லாவிட்டால் உன் ஆட்களுக்கெல்லாம் அனுப்பிவிடுவேன்" என்கிறார். என்ன செய்ய?

பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் முடிந்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் கொடுக்கக்கூடியவர் என்று தெரிந்ததும் அடுத்த தொகை கேட்பார்கள். இன்னொரு படம் கேட்டாலும் அதே பதில்தான்.

பதில் சொல்வதை நிறுத்துங்கள். கெஞ்ச வேண்டாம், திட்டவும் வேண்டாம். சாட்டில் வந்ததை அழிக்காதீர்கள், அதுதான் உங்கள் சான்று. அந்தக் கணக்கின் பெயர், சுயவிவரப் பக்கத்தின் இணைப்பு, மிரட்டிய வரிகள், தேதியும் நேரமும், பணம் போடச் சொன்ன கணக்கு எண் ஆகியவை தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு அந்தத் தளத்தில் ரிப்போர்ட் செய்து, ப்ளாக் செய்துவிட்டு, உங்கள் நண்பர் பட்டியலை மற்றவர்கள் பார்க்க முடியாதபடி மாற்றுங்கள். காவல்துறையின் சைபர் பிரிவில் புகார் கொடுங்கள்.

இதையெல்லாம் தனியாகச் செய்யாதீர்கள். ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள், அண்ணன், அக்கா, நண்பர், யாராக இருந்தாலும் சரி. மிரட்டுபவருடைய பலம் முழுவதும் நீங்கள் யாரிடமும் சொல்ல மாட்டீர்கள் என்பதில் இருக்கிறது. இந்த மிரட்டலுக்குப் பயந்து உயிரை விட்ட இளைஞர்கள் உண்டு. அவர்களில் பலருடைய வீட்டாருக்கு நடந்தது எதுவுமே முன்னால் தெரியவில்லை. செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் உடனே யாரையாவது பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வையுங்கள், தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்குப் பேசுங்கள். இந்த நாட்கள் கடந்து போகும். கடந்து வந்தவர்கள் ஏராளம்.

படம் ஏற்கெனவே பரவிவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். ஸ்டாப் என்சிஐஐ என்ற இலவசச் சேவை 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. 18 வயது நிரம்பியவர்களுக்கானது. உங்கள் போனில் உள்ள படத்தைத் தேர்ந்தெடுத்தால், அதிலிருந்து ஓர் எண் கைரேகையை, அதாவது அந்தப் படத்தை அடையாளம் காட்டும் குறியீட்டை, உங்கள் போனிலேயே அது உருவாக்கும். படம் உங்கள் போனைவிட்டு எங்கும் போகாது. கைரேகை மட்டும் பங்கேற்கும் தளங்களுக்குப் போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்றவை அதில் இருக்கின்றன. யாராவது அதே படத்தைப் பதிவேற்றினால் அந்தத் தளம் அடையாளம் கண்டு நீக்க முடியும். இன்னும் பரவாத படத்துக்கும் முன்கூட்டியே இதைச் செய்து வைக்கலாம் என்பது பெரிய ஆறுதல். படம் எடுக்கப்பட்டபோது 18 வயது ஆகவில்லை என்றால் டேக் இட் டவுன் என்ற சேவை உண்டு. கூகுள் தேடலில் வருவதை நீக்க கூகுளிடமே விண்ணப்பிக்கலாம். ஒருவருடைய போனுக்குள் ஏற்கெனவே இறங்கிய படத்தை இவை எதுவும் அழிக்காது. அதற்குச் சட்டம்தான் வழி.

நான் படமே அனுப்பவில்லை. முகத்தை ஒட்டிப் போலிப் படம் செய்திருக்கிறார்கள்.

வழி அதேதான். சான்று, ரிப்போர்ட், புகார். கூகுள் போலிப் படங்களுக்கான நீக்க விண்ணப்பத்தையும் ஏற்கிறது. "அனுப்பாமல் இருந்திருந்தால் இது வந்திருக்காது" என்று பிறருக்கு அறிவுரை சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். டிபியில் வைத்த சாதாரணப் படமே இப்போது போதும்.

நான் இருக்கும் குழுவில் ஒருவர் இப்படி ஒரு படத்தைப் போட்டுவிட்டார். நான் என்ன செய்ய வேண்டும்?

பார்த்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். "இதை அழி, இது அவங்க அனுமதியில்லாம வந்தது" என்று குழுவிலேயே எழுதுங்கள். சண்டை வரும் என்று தோன்றினால் போட்டவரைத் தனியாக அழைத்துச் சொல்லுங்கள். சிலர் நாலு பேர் முன்னால் இறங்கி வர மாட்டார்கள், தனியாகச் சொன்னால் கேட்பார்கள். யார் போட்டார், எந்தக் குழு, எத்தனை மணிக்கு என்பதைக் குறித்து வையுங்கள். படத்தைச் சேமிக்க வேண்டாம். உங்கள் போனில் தானாக இறங்கியிருந்தால் அழித்துவிடுங்கள். பிறகு படத்தில் இருப்பவரிடம் விஷயத்தைத் தெரிவியுங்கள், நேரடியாகவோ அவருக்கு நெருக்கமானவர் வழியாகவோ. "நீ ஏன் அனுப்பின" என்று தொடங்காதீர்கள். "இப்படி ஒரு குழுவுல வந்திருக்கு, போட்டது இன்னார், நான் அழிக்கச் சொல்லிட்டேன், சாட்சி சொல்லணும்னா நான் வரேன்" என்று சொல்லுங்கள்.